ஏழாம் லைன்

மாதத்தின் சிறந்த ஊழியருக்கென்று
சாப்பாட்டு அறைச் சுவரில்
ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டினார்கள்.
மேலே சின்னதாய் ஒரு மஞ்சள் பல்ப்.

முதல் மாதம் தவமலர்.
முரசுமோட்டையில் ஐந்தே காலுக்கு பஸ் ஏறுகிறவள்,
மணித்தியாலத்துக்கு எண்பது கொலர் வைக்கிறவள்.
படம் எடுக்க வந்த பெடியனிடம்
வேண்டாம் தம்பி என்றாள்.
வீட்டுச் சுவரில் ஏற்கெனவே இரண்டு சட்டம்,
இரண்டுக்கும் பல்ப் எரியுது,
மூன்றாவதாய் நான் தொங்கேல்ல.

கொழும்பிலிருந்து வந்த மிஸ்ஸுக்கு
நான்தான் மொழிபெயர்த்தேன்:
கூச்சம்.

மிஸ் கொண்டுவந்த படிவத்தின் தலைப்பு
'ஊழியர்களை அடையாளம் காணுதல்'.
ஆர் தமிழாக்கினதோ.
தாள் கைமாறிக் கைமாறிப் போக
வாசித்த ஒவ்வொருத்தியும்
ஒரு கணம் மெசினை நிற்பாட்டினாள்.
அடையாளம் காணக் கூப்பிட்டால்
எதைக் காட்டுவார்கள் என்று இங்கே தெரியும்:
சட்டைத் துண்டு, செருப்பு,
முன்பல்லின் இடைவெளி.
ஓவர்லொக்கில் இருக்கும் சின்னப் பெட்டை மட்டும்
"பாராட்டு எண்டு போட்டிருக்கலாமே மிஸ்" என்று சிரித்தாள்.
அவள் அப்போது கைக்குழந்தை.

பிறகு முகங்கள் வந்தன.
வாசலில் பலகை. சிரித்த முகம், சும்மா முகம், அழுத முகம்.
போகும்போது ஒன்றில் பொட்டு ஒட்டவேண்டும்.
வெளியே பஸ் கோண் அடிக்கும்.
கிட்ட இருக்கிற முகத்தில் ஒட்டிவிட்டு ஓடுவோம்.
கிட்ட இருந்தது சிரித்த முகம்.
தொண்ணூற்றிரண்டு வீதம் மகிழ்ச்சி என்று
மாசக் கடைசியில் கேக் வெட்டினார்கள்.
கேக் நல்லாத்தான் இருந்தது,
பொய் சொல்லக்கூடாது.

நான் லைன் லீடர்.
ஒரு விசில், ஒரு டார்கெட் பலகை, நீலப் பேனை.
துணிக்கட்டோடு போகும் துண்டில்
தைத்தவளின் இலக்கத்தை எழுதுவது என் வேலை.
4127.
பிழை வந்தால் மட்டுமே
ஆராவது அதை வாசிப்பார்கள்.

மழைக்குக் கரண்ட் போய் வந்த ஒரு வியாழன்
இலக்கம் மறந்துபோய்
'நிறைமதி' என்று எழுதிவிட்டேன்.
கட்டு நகர்ந்தது.
நாலு மெசின் தாண்டிப் பார்த்தால்
துண்டின் பின்பக்கத்தில் வேறொரு கை:
மதி, பொக்கற் மூலை வடிவா வந்திருக்கு.

இலக்கம் இப்போதும் எழுதுகிறேன், ஓடிட் இருக்கிறதே,
பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில்.

மலரக்கா, உங்கட கொலர் கையில வழுக்கிக்கொண்டு போகுது.
இது ஆர் தைச்சது? பிரிச்சுத் தை. ஆனா நூல் இழுவை நல்லம்.
றஜிதா, நேற்று நீ வராமல் லைன் நொண்டினது.

அதை எழுதினவள் பிறகு நாக்கைக் கடித்தாள்.
றஜிதாவின் வலது கால்
முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக்.
துண்டு திரும்பி வந்தது:
நான் நொண்டுறது காணாதெண்டு லைனுமோ?
அன்றைக்கு ஏழாம் லைனில்
சிரிப்பு அடங்கப் பத்து நிமிசம்,
இருபத்திமூன்று சட்டை நட்டம்.
அந்தத் துண்டு இன்னமும்
அவளுடைய அடையாள அட்டை உறைக்குள் இருக்கிறது.

லீவு குறைந்திருக்கிறதே,
என்ன செய்தனீங்கள் என்று மிஸ் கேட்டா.
சொன்னேன். கண் கலங்கினா, நல்ல பிள்ளை.
அடுத்த மாதம் ரோஸ் நிறத்தில் அச்சடித்து வந்தன
'பாராட்டுக் குறிப்பு: ஒருவருக்கு மாதம் இரண்டு.
மேற்பார்வையாளர் கையொப்பம் அவசியம்.'
ஆடுகிற அயர்ன் மேசைக் காலுக்குக் கீழே
ஒரு கட்டு வைத்திருக்கிறோம்.
மேசை இப்போது ஆடுவதில்லை.

எனக்கென்று ஆரும் எழுதினதில்லை.
எதிர்பார்க்கவுமில்லை என்று சொல்ல நினைத்தேன்,
எதிர்பார்த்தேன்.
போன செவ்வாய், கடைசிக் கட்டு,
பெயரில்லாமல் ஒரு துண்டு:
இண்டைக்கு விசில் ஊதாமல் கூப்பிட்டனீங்கள். கேட்டது.

எண்பதுக்கு எழுபத்தாறு.
பலகையில் அப்படியே எழுதினேன்.